கேட்கத் தெரிந்தவர்கள்



1994ஆம் ஆண்டு டிசம்பர் 17. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் 17 வயதுப் பெண் ஒருவர் தனியாக வந்து இறங்கினார். பெயர் ஃபௌசியா கசிந்ஜா. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள டோகோ என்ற சிறிய நாட்டைச் சேர்ந்தவர். அவர் கையில் இருந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேறொரு பெண்ணுடையது. குடிவரவு அதிகாரியிடம் அதை அவர் மறைக்கவில்லை. பாஸ்போர்ட் தன்னுடையதல்ல என்றும் தனக்குப் புகலிடம் வேண்டும் என்றும் தாமாகவே சொல்லிவிட்டார். அவரை அடைத்துவைத்தார்கள். வெளியே வர 16 மாதம் ஆயிற்று.

அந்த 16 மாதத்தில் அவருக்காக வழக்காட எழுந்து நின்றவர் ஒரு சட்டக் கல்லூரி மாணவி. இன்னும் பட்டம் வாங்காதவர். லேலி மில்லர் பஷீர் என்று பெயர். அந்த மாணவியைப் பற்றியும், அவரைப் போலத் தடுப்பு முகாம்களுக்குப் போய்த் தொழில் பழகும் மாணவர்களைப் பற்றியும்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஃபௌசியா ஏன் ஊரை விட்டு ஓடி வந்தார்? அவருடைய சமூகத்தில், திருமணத்துக்கு முன்பு பெண்ணின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கு ஒன்று இருந்தது. லாரித் தொழிலில் வசதியாக இருந்த அவருடைய அப்பா அந்தச் சடங்கை எதிர்த்தவர். தன் பெண்களை அதற்கு அனுப்ப மாட்டேன் என்று உறுதியாக நின்றவர். 1993இல் அவர் இறந்துபோனார். வீட்டுப் பொறுப்பு அத்தையின் கைக்குப் போயிற்று. ஏற்கெனவே மூன்று மனைவிகள் உள்ள 45 வயதுக்காரர் ஒருவருக்கு ஃபௌசியாவைக் கட்டிக்கொடுக்க ஏற்பாடு நடந்தது. சடங்கு நெருங்கிய வேளையில் அக்காதான் அவரை ரகசியமாகக் கானா நாட்டுக்கு அழைத்துப்போய் விமானம் ஏற்றிவிட்டார். ஜெர்மனியில் இரண்டு மாதம். அங்கிருந்து அமெரிக்கா.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரை அடைத்துவைத்தது தடுப்பு முகாமில். பெயர்தான் முகாம். கம்பி, பூட்டு, சீருடை, தலை எண்ணும் நேரம் எல்லாம் சிறையில் உள்ளபடியே உண்டு. 1995 ஜூனில் அந்த முகாமில் கலவரம் வெடித்தது. பிறகு அவரைப் பென்சில்வேனியாவின் சிறைகளுக்கு மாற்றினார்கள். அங்கே தண்டனைக் கைதிகளோடும் இருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தின் ஓர் அடிப்படையைச் சொல்லியாக வேண்டும். திருட்டு வழக்கிலோ கொலை வழக்கிலோ ஒரு ஏழையைப் பிடித்தால், அவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கொடுத்தே ஆக வேண்டும். 1963இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. ஆனால் நாடு கடத்தும் வழக்கு குற்ற வழக்கு அல்ல, சிவில் வழக்கு. அதில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அரசுக்குச் செலவு வரக் கூடாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. அரசுத் தரப்பில் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் கோப்போடு உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம் தெரியாத ஒருவர், சில வேளைகளில் ஒரு குழந்தை, தனியாக நிற்பார். தோற்றால் எந்த ஊருக்கு அஞ்சி ஓடி வந்தாரோ அதே ஊருக்கு விமானம். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், காவலில் இருப்பவர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்கிறது. அந்த ஏற்பாடு அங்கே குடிவரவுக் கைதிக்கு இல்லை.

இதன் விளைவை இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2007 முதல் 2012 வரை முடிந்த 12 லட்சத்துக்கும் அதிகமான நாடு கடத்தல் வழக்குகளைப் பார்த்தார்கள். மொத்தத்தில் 100 பேரில் 37 பேருக்குத்தான் வழக்கறிஞர் இருந்தார். தடுப்பில் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 100 பேரில் 14 பேருக்கு.

காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவைதான். உள்ளே இருப்பவருக்குச் சம்பாத்தியம் இல்லை. முகாமில் துடைப்பது, சமைப்பது போன்ற வேலைகள் செய்தால் நாளொன்றுக்கு ஒரு டாலர். முகாம்களில் பலவும் பெருநகரங்களுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில் ஸ்டூவர்ட் தடுப்பு மையம் இருக்கிறது. அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய 225 கிலோமீட்டர். ஒருவரை ஒரு மணி நேரம் பார்க்க ஒரு வழக்கறிஞருக்கு முழு நாளும் போய்விடும்.

இந்த இடைவெளியில்தான் மாணவர்கள் வருகிறார்கள். வழக்கறிஞராகப் பதிவு பெறாத சட்ட மாணவரும், பேராசிரியர் அல்லது அனுபவமுள்ள வழக்கறிஞரின் மேற்பார்வையில், கட்சிக்காரரிடம் காசு வாங்காமல், நீதிபதியின் அனுமதியோடு குடிவரவு நீதிமன்றத்தில் நின்று வாதாடலாம். அமெரிக்க விதிகள் இதற்கு இடம் தருகின்றன. சட்டக் கல்லூரிகள் இதற்கென்றே கிளினிக் நடத்துகின்றன. மருத்துவ மாணவர் வார்டில் நோயாளியைப் பார்த்துத் தொழில் கற்பதுபோல, சட்ட மாணவர் உண்மையான வழக்கில் கற்கிறார். கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் முகாம்களின் பக்கத்திலேயே தங்கிப் பயிற்சி பெறுபவர்களும் உண்டு. அரிசோனா பாலைவனத்தில் ஃபிளாரன்ஸ் என்ற ஊர். அங்கே தடுப்பில் இருந்தவர்களுக்கென்று 1989இல் தொடங்கிய இலவசச் சட்ட உதவி அமைப்பு இன்றும் இயங்குகிறது.

உள்ளே போன மாணவர் என்னதான் செய்கிறார்?

அதை நம் ஊர்க் காட்சி ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டி வந்து உட்காருகிறார். நிலத்துப் பட்டா தொலைந்த கதையைச் சொல்ல வந்தவர், மகன் செத்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறார். எழுதுபவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். 'அதெல்லாம் இருக்கட்டும் பாட்டி, சர்வே நம்பரைச் சொல்லுங்க' என்கிறார். மகன் செத்ததனால்தான் பட்டா வேறு பெயருக்குப் போனது என்பது, அரை மணி நேரம் காது கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். மனிதர்கள் தங்கள் கதையைத் தேதி வாரியாகச் சொல்வதில்லை. வலிக்கிற இடத்திலிருந்து சொல்கிறார்கள். சட்ட மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பணியில் இருக்கும் நான், வகுப்பில் அடிக்கடி சொல்வதும் இதைத்தான்.

புகலிடச் சட்டம் கேட்பதோ வேறு. என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, யார் செய்தார், ஏன் செய்தார்? இந்த 'ஏன்' மிக முக்கியம். அடி வாங்கியது மட்டும் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது என்ற ஐந்தில் ஒன்றின் காரணமாக அடி வாங்கியிருக்க வேண்டும், அல்லது வாங்க நேரும் என்று நியாயமாக அஞ்ச வேண்டும். அந்த அச்சம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1987இல் கார்டோசா ஃபொன்சேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஆபத்து நேரப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்றது. சட்டம் அத்தனை இரக்கமற்றது அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கை யாராவது எடுத்துக் காட்ட வேண்டும்.

மாணவர் வாசலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, காகிதமும் பேனாவுமாக உள்ளே போகிறார். சின்ன அறை. எதிரே சீருடையில் ஒருவர். நடுவில் மொழிபெயர்ப்பாளர், அல்லது மொழிபெயர்ப்பாளரின் குரல் வரும் தொலைபேசி. முதல் நாள் கதை முழுதாக வராது. வெட்கம் தடுக்கும், பயம் தடுக்கும். அதிகாரி என்றாலே அடிப்பவர் என்று பழகிய மனசு எளிதில் திறக்காது. இரண்டாம் முறை கொஞ்சம் வரும். நான்காம் முறை, முன்பு சொன்னதை விட்டுவிட்டு உண்மையான இடத்துக்கு வருவார். நூறு கோப்புகளைச் சுமக்கும் வழக்கறிஞரால் நான்கு முறை போக முடியாது. இரண்டே வழக்குகள் வைத்திருக்கும் மாணவரால் முடியும். அனுபவமில்லாத மாணவரிடம் இருக்கும் பெரிய செல்வம் நேரம். அந்தச் செல்வத்தை அவர் கேட்பதில் செலவிடுகிறார்.

பிறகு கேட்டதை எழுத வேண்டும். ஊரையும் நாளையும் வரிசைப்படுத்தி, சொன்னவரிடமே திரும்பப் படித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்தி, வாக்குமூலமாக்க வேண்டும். இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்லை. 2005இல் வந்த ஒரு சட்டப்படி, வழக்கின் மையத்துக்குத் தொடர்பே இல்லாத சின்ன முரண்பாட்டைக் காட்டிக்கூட ஒருவரை நம்பத் தகாதவர் என்று நீதிபதி முடிவு செய்யலாம். பனிக்காலம் என்று ஓரிடத்திலும் மழைக்காலம் என்று இன்னோரிடத்திலும் பதிவானால் அதுவே வினையாகலாம். அடுத்து, அந்த நாட்டு நிலவரத்துக்கான சான்றுகளைத் தேட வேண்டும். பிறமொழி ஆவணங்களை ஆங்கிலமாக்கிச் சான்றளிக்க வேண்டும். பிணை கேட்பதென்றால், வெளியே வந்தால் தங்க இடம் தரும் உறவினரின் கடிதம் வேண்டும். பிணைத் தொகை 1,500 டாலருக்குக் குறையாது.

இனி லேலியிடம் திரும்புவோம். ஃபௌசியாவின் உறவினர் ஒருவர் அமர்த்திய வழக்கறிஞரின் அலுவலகத்தில் அவர் வேலை பழகிக்கொண்டிருந்தார். பெண்ணுறுப்புச் சிதைப்பு புகலிடத்துக்குக் காரணமாகுமா என்ற கேள்வியைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரையும் எழுதியிருந்தார். ஏட்டில் எழுதிய கேள்வி இப்போது உயிரோடு எதிரே நின்றது. 1995 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் விசாரணை. லேலி வாதாடினார். தோற்றார். ஃபௌசியாவின் கதை நம்பும்படியாக இல்லை என்றும் முன்னுக்குப் பின் ஒட்டவில்லை என்றும் நீதிபதி தள்ளுபடி செய்தார்.

லேலி அதோடு விலகவில்லை. தனக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, தேர்ந்த கை வேண்டும் என்று உணர்ந்தார். தன் கல்லூரியான அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைக் கிளினிக்கை நடத்திய பேராசிரியர் கேரன் முசாலோவிடம் வழக்கைக் கொண்டுபோனார். முசாலோ மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டார். ஃபௌசியாவின் வரலாற்றை ஆதியிலிருந்து கேட்டு எழுதினார்கள். டோகோவை நேரில் அறிந்த மானிடவியலாளரின் வாக்குமூலம் சேர்ந்தது. 1996 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இதழ் இதை முதல் பக்கத்தில் எழுதியது. சில நாட்களில், ஏப்ரல் 24ஆம் தேதி, ஃபௌசியா வெளியே வந்தார். ஜூன் 13ஆம் தேதி குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 11க்கு 1 என்ற கணக்கில் அவருக்குப் புகலிடம் தந்தது. அந்தச் சடங்குக்கு அஞ்சி ஓடி வருவது புகலிடத்துக்குத் தகுந்த காரணமே என்று நாடு முழுமைக்கும் முன்மாதிரியாக நிலைத்த தீர்ப்பு அது.

நேயர்களே, முதல் நீதிபதி நம்பாத பெண்ணும் வாரியம் நம்பிய பெண்ணும் ஒருவர்தான். அவர் வாழ்க்கையில் நடந்ததும் மாறவில்லை. முழுதாகக் கேட்டு, சரியாகச் சொல்ல ஆள் கிடைத்தார்கள். அதுதான் மாறியது. பின்னாளில் அவரும் லேலியும் சேர்ந்து இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்கள். அதில் தமக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டு, வன்முறைக்கு அஞ்சி வரும் பெண்களுக்கு உதவும் தாஹிரி நீதி மையத்தை லேலி 1997இல் தொடங்கினார்.

இவர்களுக்குச் சற்று முன்பே மாணவர்கள் இன்னும் பெரிய போராட்டம் ஒன்றில் இறங்கியிருந்தார்கள். 1991 செப்டம்பரில் ஹைட்டி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. படகில் தப்பியவர்களை நடுக்கடலில் மறித்துக் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் அடைத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் பேராசிரியர் ஹெரால்டு கோவுடன் சேர்ந்து 1992இல் அமெரிக்க அரசு மீதே வழக்குப் போட்டார்கள். எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்பதால் முள்வேலிக்குள் வைத்திருந்தவர்களை விடுவிக்கும்படி 1993 ஜூன் 8ஆம் தேதி புரூக்ளின் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த 13ஆம் நாள், கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பலாமா என்ற வழக்கின் மறுபாதியில், உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரே மாதத்தில் வெற்றியையும் தோல்வியையும் பார்த்த அந்த மாணவர்கள் சட்டத்தின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருசேரப் படித்தார்கள்.

இந்த எல்லை நம்மவர் ஒருவரையும் தொட்டது. ஃபௌசியா வென்ற அதே 1996இல், செப்டம்பர் மாதம், அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை இறுக்கியது. ஆவணமின்றி எல்லையில் பிடிபடுபவரை, முழு விசாரணை இல்லாமலே விரைந்து திருப்பி அனுப்பும் முறை வந்தது. அஞ்சுகிறேன் என்று சொல்பவரிடம் ஒரு நேர்காணல் நடக்கும். அதில் தேறாவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

2017 ஜனவரியில் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டினார். 25 கெஜம் போவதற்குள் பிடிபட்டார். சிலர் தன்னைக் கடத்திப்போய் அடித்தார்கள் என்று நேர்காணலில் சொன்னார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் செய்தவர் யார், ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. முடிவு எதிராக வந்தது. பின்னர் வழக்கறிஞர்கள் துணையோடு எழுதிய மனுவில்தான், வந்தவர்கள் அரசுப் புலனாய்வு அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டதும், தமிழ் வேட்பாளர் ஒருவரை ஆதரிக்கக் கூடாது என்று மிரட்டியதும், கிணற்றில் இறக்கியதும் இடம்பெற்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2020 ஜூன் 25ஆம் தேதி வந்த தீர்ப்பு அவருக்கு எதிரானது. அந்த நேர்காணல் முடிவை நீதிமன்றங்கள் மறுபடி ஆராய வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

அந்த 'யார்', 'ஏன்' இரண்டும் நேர்காணலுக்கு முன்பே பொறுமையாகக் கேட்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் மனசு அந்தக் கேள்வியை விட மறுக்கிறது. நேர்காணலுக்கு முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த வழக்கு எனக்குக் கற்றுத் தந்தது.

புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்களிடையே 'கேஸ் எழுதுவது' என்று ஒரு பேச்சு உண்டு. தெரிந்தவர், தரகர் யாராவது அரைகுறையாகக் கேட்டு எழுதிக் கொடுக்கும் கதை சில வேளைகளில் பலருக்கும் ஒன்றுபோல் இருந்துவிடும். உண்மையாகவே துன்பப்பட்டவரின் வழக்கையும் அது கெடுத்துவிடும். மாணவர்களின் வேலை இதற்கு நேர் எதிரானது. ஒருவருக்கே உரிய கதையை அவர் வாயாலேயே வரவழைப்பது.

அதற்கு மொழி வேண்டும். தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. 'இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்' என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் சொன்னால், அந்த 'இயக்கம்' எது என்று தெரிந்திருக்க வேண்டும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இலேயே பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அந்தச் சோறு மனம் விரும்பிக் கொடுத்ததா, மறுக்க வழியில்லாமல் கொடுத்ததா என்பதைக் கேட்டுத் தெளியாமல் மொழிபெயர்த்தால், அந்த ஒரு வரியே வழக்கைச் சாய்த்துவிடக்கூடும். வெளிநாடுகளில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளும், அங்கே குடியிருக்கும் தமிழறிந்தவர்களும் வாரத்தில் சில மணி நேரத்தை இதற்குத் தர வேண்டும் என்று இந்த வானொலி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நியூயார்க் நகரம் 2013இல் தடுப்பில் உள்ள ஏழைகளுக்குப் பொதுச் செலவில் வழக்கறிஞர் தரும் திட்டத்தைத் தொடங்கியது. முன்பு வழக்கறிஞர் இல்லாமல் நின்றவர்களில் 100க்கு 4 பேர் வென்றார்கள். திட்டத்துக்குப் பிறகு 100க்கு 48 பேர் வெல்லக்கூடும் என்று 2017இல் வந்த மதிப்பீடு சொன்னது. மாணவர்களால் மட்டும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. அரசுகள் செய்ய வேண்டிய கடமை இது. அதுவரை கம்பிக்குள் இருப்பவர் காத்திருக்க முடியாது என்பதால்தான் மாணவர்கள் போகிறார்கள்.

முடிக்கும் முன் ஒன்று. ஃபௌசியாவைக் காப்பாற்றிய தீர்ப்பை இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் அவருடைய பெயர் கசிங்கா என்று இருக்கிறது. கசிந்ஜா என்ற குடும்பப் பெயரைத் தவறாக எழுதிக்கொண்டார்கள். அந்தத் தவறு சட்ட வரலாற்றில் அப்படியே தங்கிவிட்டது. நம்மவர் போனாலும் இதே கதைதான். குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத நமக்கு, அவர்களுடைய படிவத்தின் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு காவலர் அப்பா பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிடுவார். மகன் தன்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

அதனால்தான், அந்தச் சின்ன அறைக்குள் முதல் முறை போகும் மாணவர் எதையும் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்: உங்கள் பெயர் என்ன, வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள், அதை எப்படி எழுத வேண்டும்? பல நாட்களாக எண்ணாக மட்டுமே இருந்த ஒருவர் தன் பெயரைத் தானே நிறுத்திச் சொல்வார். வழக்கு அங்கே தொடங்குகிறது.